இருபது முக்கோணமும் ஒரு பசைச் சட்டியும்

மூங்கில் பிளாச்சு ஐந்து, ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம். ஒவ்வொன்றிலும் ஒரே நுனியிலிருந்து அளந்து 23-இல் ஒரு கோடு, 37-இல் ஒரு கோடு. பிளாச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகிற இடங்கள் அவைதான். இதே அளவில் இன்னொரு ஐந்து. இவ்வளவும் கைக்கு வந்துவிட்டால் கிறிஸ்துமஸ் ஸ்டாரில் பாதி முடிந்தது என்பார், எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மாமா. அவர் ஸ்கேல் வைத்து நான் பார்த்ததில்லை. சாணும் விரற்கடையுமாகவே அளப்பார். ஐந்து முனை நட்சத்திரத்தில் ஒரு கோலை மற்ற கோல்கள் வெட்டும் இடம், அதன் நீளத்தில் 0.382-இலும் 0.618-இலும் வரும். கணக்குப் புத்தகத்தில் பொன் விகிதம் என்று இருப்பது இதுதான். மாமாவின் சாண் கணக்கு இதற்கு ஒரு விரல் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவே.

நாகர்கோவில் பக்கம் டிசம்பர் பிறந்துவிட்டால் தெருவில் பார்க்கிறவர்கள் கேட்பது "ஸ்டார் போட்டாச்சா?" என்றுதான். கடையில் அட்டை ஸ்டார் மடித்து விற்கிறார்கள். விரித்து, பல்பை உள்ளே விட்டு, கம்பியில் மாட்டினால் தீர்ந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மொட்டை மாடிக்கு நானும் அதைத்தான் வாங்குகிறேன். வாசலில் தொங்குவது மட்டும் வீட்டில் கட்டியதாக இருக்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம் உண்டு. பழம்பெருமை பேசுவதற்காக அப்படிச் செய்யவில்லை. வீட்டில் ஏழு வயதில் ஒரு மகளும் மூன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அடுப்புப் பக்கம் வராதே, கத்தியைத் தொடாதே, தண்ணீரைச் சிந்தாதே என்று ஆண்டு முழுக்க அவர்களை எல்லா வேலையிலிருந்தும் விலக்கியே வைத்திருக்கிறோம். ஸ்டார் கட்டுகிற வாரத்தில்தான் அவர்கள் கை படாவிட்டால் நின்றுபோகிற வேலை என்று ஒன்று வீட்டில் இருக்கிறது.

சும்மா இருக்கட்டும் என்று கொடுக்கிற வேலைக்கும் ஆகவேண்டிய வேலைக்கும் உள்ள வித்தியாசம் மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரியும். ஒரு பழைய பேப்பரையும் கொஞ்சம் பசையையும் தள்ளி, "நீ தனியா இதுல ஒட்டு மக்களே" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு துண்டு ஒட்டுவான், நீங்கள் எதில் ஒட்டுகிறீர்கள் என்று எட்டிப் பார்ப்பான், எழுந்து வந்து உங்கள் மடியில் ஏறுவான். அவனை ஏமாற்ற முடியாது. குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். குழந்தைகள் கையில் உடையக்கூடிய பீங்கானையும் கண்ணாடியையுமே கொடுக்கலாம், விளையாட்டுச் சாமான் வேண்டாம் என்பது அவருடைய கட்சி. பசைச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அந்த அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அடிக்கடி தோன்றும்.

மூங்கில் வேலை முழுக்க என் பங்கு. கூடை முடைகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பச்சை மூங்கிலில் பிளாச்சு சீவித் தருவார். காய்ந்த மூங்கில் இதற்கு ஆகாது, வளைக்கும்போது ஒடிந்துவிடும். சீவி வந்ததை நான் ஒருமுறை கத்தியால் இழைத்து, சிலாம்பு இல்லை என்று விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் பக்கம் வைப்பேன். ஐந்தையும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிப் பின்னி, முனைகளையும் குறுக்கே வெட்டும் இடங்களையும் நூலால் இறுக்கிக் கட்டினால் தட்டையான நட்சத்திரம் ஒன்று கிடைக்கும். இப்படி இரண்டு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டவேண்டும். பிறகு நடுவில் உள்ள ஐந்து மூலைகளிலும் குட்டைக் குச்சிகளை முட்டுக் கொடுத்து இரண்டையும் விலக்கவேண்டும்.

இந்த முட்டுக்குச்சி எவ்வளவு நீளம் என்பதில் எனக்கும் மாமாவுக்கும் கருத்து வேறுபாடு. அவர் குட்டையாக வைப்பார், காகிதம் மிச்சம் என்று. நான் 14 சென்டிமீட்டர் வைக்கிறேன். காரணம் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் பிளாச்சில் நடு ஐங்கோணத்தின் ஒரு பக்கம் 37-இலிருந்து 23 போக 14. முனையிலிருந்து மூலைவரை 23. ஆகவே முன்னால் உள்ள முக்கோணங்கள் எல்லாம் 23, 23, 14. முட்டுக்குச்சியும் 14 என்றால் பக்கவாட்டில் வரும் முக்கோணங்களும் அதே 23, 23, 14 ஆகிவிடும். முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து, பக்கவாட்டில் பத்து. இருபதும் ஒரே அளவு. ஒரு அட்டையில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி ஒரு முக்கோணம் வெட்டிக் கொடுத்துவிட்டால் மகள் அதை வைத்து இருபதும் வரைந்துவிடுவாள். எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்ற குழப்பமே இல்லை. ஒன்று கிழிந்தால் இன்னொன்று அப்படியே பொருந்தும். பிள்ளைகளோடு வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

கணக்கும் நட்சத்திரமும் சேர்ந்தது நம் ஊரில் மட்டும் இல்லை. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியச் சபையார் ஒரு பள்ளி நடத்தினார்கள். அங்கே 1830-களில் வடிவியல் பாடத்துக்காகப் பையன்கள் செய்த காகித நட்சத்திரம்தான் பிற்பாடு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று பெயர் பெற்று உலகம் முழுக்கப் போயிற்று. அது ஐந்து முனை இல்லை, எல்லாத் திசையிலும் கூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அட்டையில் ஒட்டி ஒட்டிச் செய்வது. நம் ஸ்டாரைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.

கடைசி முட்டுக்குச்சியை உள்ளே தள்ளுகிற வேலை மகளுடையது. நாலு மூலை முட்டுக் கொடுத்த சட்டம் கோணலாகத்தான் கிடக்கும், ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் சரிந்து. ஐந்தாவது குச்சியின் ஒரு நுனியைக் கீழ்ச்சட்டத்தில் வைத்து, மேல்சட்டத்தைக் கட்டைவிரலால் நெம்பி, நுனியை இடத்தில் விடவேண்டும். பிளாச்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளைந்து, டக் என்று ஒரு சத்தம். அவ்வளவு நேரம் தரையில் கிடந்தது இப்போது விறைப்பாக எழுந்து நிற்கும். தூக்கி ஆட்டினாலும் அசையாது. எந்த இடத்தில் எந்தக் குச்சி எதைத் தள்ளுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். நான் விளக்கம் சொல்வதில்லை.

வெட்டுவது அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. மகள் இடது கைக்காரி. சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் விரல்கள் தள்ளுகிற தள்ளில் இரண்டு அலகுகளும் விலகும். மெல்லிய தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துபோகும். போதாதற்கு, மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். கையெழுத்து மோசம், வேலை சுத்தமில்லை என்று பள்ளியில் பேர் வாங்குகிற பல பிள்ளைகளுக்குப் பிரச்சினை கையில் இல்லை, சாமானில்தான். அலகுகள் மாறி அமைந்த இடதுகைக் கத்தரிக்கோல் தனியாக விற்கிறது. வாங்கிக் கொடுத்த அன்றே கோடு தப்பாமல் வெட்டினாள். தம்பிக்கு இன்னும் கத்தரிக்கோல் கொடுக்கவில்லை. அவன் வயதில் ஓரத்தைத் துணுக்குத் துணுக்காக நறுக்கத்தான் வரும். ஸ்டாரின் முனைகளில் தொங்குகிற குஞ்சத்துக்கு நாள் நெருங்கும்போது அந்த நறுக்கலும் தேவைப்படும்.

அவனுடைய இலாகா பசை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிக் கிண்டினால் வெள்ளை நிறம் போய் மினுங்கத் தொடங்கும். அப்போது இறக்கிவிட வேண்டும். பழைய ஆட்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். சட்டியில் கையை விட்டு அதே கையை வாயில் வைக்கிற ஆள் வீட்டில் இருக்கும்போது துத்தப் பேச்சுக்கே இடமில்லை. துத்தம் போடாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சவேண்டியதுதான். பிரஷ் கொடுத்தால் குளம் கட்டிவிடுவான். விரலால் பிளாச்சின்மேல் தடவச் சொன்னால் சரியான அளவில் வரும், ஏனென்றால் விரலுக்குப் பிசுபிசுப்பு தெரியும், பிரஷுக்குத் தெரியாது. அவன் பசை தடவி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் தாளைப் பிடித்தபடி காத்திருப்போம். அவனுக்குப் பிடித்தது அந்தக் காத்திருப்புதான் என்று நினைக்கிறேன்.

தாள், காத்தாடி விடுகிற மெல்லிய தாள். சிவப்பும் மஞ்சளும். ஒட்டினவுடன் அங்கங்கே சுருக்கம் விழத்தான் செய்யும். அதை இழுத்துச் சரிசெய்யப்போனால் கிழியும். அப்படியே விட்டுவிடவேண்டும். பசை நன்றாகக் காய்ந்த பிறகு பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால் தூரத்திலிருந்து லேசாக ஒரு தூவல். முதலில் தாள் தொய்ந்து, காரியம் கெட்டது என்று தோன்றும். காய்ந்துவரும்போது நார்கள் இழுத்துக்கொண்டு மத்தளத் தோல் மாதிரி விண்ணென்று நிற்கும், சுண்டினால் சத்தம் வரும். ஒரு எச்சரிக்கை: மலிவான சிவப்புத் தாள் சாயம் விடும். ஒரு துண்டில் தெளித்துப் பார்த்துக்கொள்ளவும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் இங்கே விடுவதில்லை என்பதால் பசை காய ஒரு நாளுக்கு இரண்டு நாள் ஆகும். வாசலில் கட்டுமுன் மேலே கண்ணாடித் தாள் ஒன்று சுற்றுவதும் நல்லது.

"எப்பா, கிழிஞ்சு போச்சு" என்பதுதான் அந்த வாரம் முழுக்க வீட்டில் அதிகம் கேட்கிற வாக்கியம். "கிழிஞ்சா என்ன மக்களே, மேல ஒரு துண்டு ஒட்டு." பகலில் ஒட்டுப்போட்டது தெரியாது. உள்ளே விளக்கைப் போட்டதும் இரண்டு தாள் சேர்ந்த இடம் மட்டும் அடர்ந்த சிவப்பாக எடுத்துக்காட்டும். ஒருதரம் அதைக் கவனித்த மகள், மிச்சமிருந்த முக்கோணங்களின் உள்பக்கத்தில் வேண்டுமென்றே பிறையும் மீனும் வெட்டி ஒட்டத் தொடங்கினாள். பகலில் வெறும் சிவப்பு, இரவில் மீன். மாமா உட்பட யாரும் எனக்குச் சொல்லித்தராத வித்தை அது. இப்போது எங்கள் ஸ்டாரில் அது நிரந்தரம்.

பின்பக்கத்து ஐங்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டுவிட்டால் பல்பு மாட்டக் கை போகும். முன்பு 40 வாட் குண்டு பல்பு போட்டுக் காகிதம் கருகிய வீடுகள் உண்டு. இப்போது எல்.இ.டி. வந்த பிறகு சூடு பெரிய விஷயமில்லை. ஆனாலும் ஹோல்டரும் வயரும் பெரியவர்கள் வேலை.

ஸ்டாருக்குக் கீழே குடில். இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சிமெண்ட் சாக்கின் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி விரித்தால் மலை. சகதி மண்ணைத் தாம்பாளத்தில் பரப்பி, ஓரிரவு ஊறவைத்த கேப்பையை நெருக்கமாகத் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பத்து நாளுக்குள் பச்சைப் புல்தரை. முளை விட்டதா என்று மகன் கிளறிப் பார்க்காமலிருந்தால் இன்னும் சீக்கிரம். ஓலைக் கூரை, கொஞ்சம் வைக்கோல், சுரூபங்கள். தகராறு வருவது சுரூபங்களை வைக்கும்போதுதான். மாட்டுக்குப் பக்கத்தில் தன்னுடைய ஜேசிபி நிற்கவேண்டும் என்கிறான் மகன். அக்கா ஒத்துக்கொள்வதில்லை. பெத்லகேமில் ஜேசிபி ஏது என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் இயேசு பிறந்த கதையைச் சொல்லும் மத்தேயுவிலும் லூக்காவிலும் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சோ ஊரில் வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியைச் சுற்றி நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். தன் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானதைத்தான் அவரும் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் மாடு அபூர்வம், ஜேசிபி தினமும் வருகிறது. மலைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கலாம் என்று சமரசம் ஆயிற்று.

மூன்று ராஜாக்களை நாங்கள் உடனே குடிலில் வைப்பதில்லை. அவர்கள் டிவி மேசையில் புறப்பட்டு, புத்தக அலமாரி, ஜன்னல் திட்டு என்று நாளுக்குக் கொஞ்சம் நகர்ந்து ஜனவரி 6 அன்று போய்ச் சேரவேண்டும். நகர்த்துகிற முறை ஒருவருக்கு ஒரு நாள். இதில் ஏமாற்று வேலை நடக்கிறது. கஸ்பார் மட்டும் சில காலைகளில் மற்ற இருவரைவிட ரொம்ப தூரம் முன்னே போயிருப்பார். நான் கேட்டுக்கொள்வதில்லை.

ராஜாக்கள் வந்து சேர்ந்த பிறகு ஸ்டார் இறங்கும். தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தைப் பரணில் ஏற்றிவிடுவோம். மழையிலும் வெயிலிலும் கட்டுகள் தளர்ந்திருந்தால் முட்டுக்குச்சிகளைக் கழற்றி, சட்டத்தைத் தட்டையாக்கி வைப்பது நல்லது, இடமும் மிச்சம். மூங்கில் நன்றாக இருந்தால் அடுத்த ஆண்டும் அதே சட்டம் தாங்கும். ஆனால் இந்த முறை புதிதாகக் கட்டவேண்டியிருக்கும், இரண்டு பிளாச்சில் பூச்சி விழுந்திருக்கிறது. மகன் இப்போதே கத்தி கேட்டுவைத்திருக்கிறான். கத்தி கிடையாது, பிளாச்சைத் தேய்க்க உப்புத்தாள் தருகிறேன் என்று சொன்னேன். உப்புத்தாள் என்றால் என்ன என்றான். ஒரு துண்டு எடுத்துப் பழைய பலகையில் தேய்த்துக் காட்டினேன். விழுந்த பொடியை ஊதிப் பார்த்துவிட்டு, அக்காவுக்கும் உப்புத்தாள் உண்டா என்று கேட்டான். இல்லை, உனக்கு மட்டும்தான் என்ற பிறகு சரி என்று சொன்னான்.