நாகர்கோவில் ரேந்தை

எங்க பத்மநாபபுரத்துக்கு வர்ற டவுன்காரங்க அரண்மனைத் தேக்கு வேலைப்பாட்டைப் பாத்துட்டுப் போயிருவாங்க. பக்கத்துல இருக்கிற நாகர்கோவிலின் ரேந்தையைப் பத்திக் கேக்க ஆளில்ல. ரேந்தைன்னா லேஸ், போர்த்துக்கீசியர் விட்டுட்டுப்போன சொல்லு.

1819-ல் இங்கிலாந்திலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. படிப்போட ரேந்தைப் பின்னலும் சொல்லிக்குடுத்தாங்க. ஒரு திண்டு, அதுல குத்தின குண்டூசிகள், நூல் சுத்தின சின்னக் கட்டைகள், இவ்வளவுதான் கருவி. கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டா, குண்டூசியைச் சுத்தி நூல் பூவா விரியும். நாத்து நடுற மாதிரி, குனிஞ்ச தலை நிமிராம செய்யுற வேலை.

அப்ப திருவிதாங்கூர்ல அடிமைமுறை இருந்துது. ரேந்தை வித்த காசுல தங்களை மீட்டுக்கிட்ட பிள்ளைகளும் உண்டு. பின்னினது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடுப்புக்கு. ஆனா இந்த மண்ணுல ஒடுக்கப்பட்ட பெண்கள் தங்க மாரை மறைக்கிறதுக்கே போராட வேண்டியிருந்துது. சாணார் பெண்களுக்கு மேலாடை உரிமை தந்த அரசாணை வந்தது 1859-ல்தான்.

கைப்பின்னல் ரேந்தை வாங்கப் போனா, மிஷின் லேஸ் விலையைச் சொல்லிப் பேரம் பேசாதீங்க. நெல்லுக்கு அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன் சொல்லுறேன்: நீங்க குறைக்கிறது ஒரு பெண்ணோட ஒருநாள் கூலியை.