தனுஷ்கோடிக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு

நிறையப் பேர் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். மனசு தாங்காமல்தான் எழுதுகிறேன்.

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தை விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பாருங்கள். சாய்ந்து விழும் வெயிலில் பவளக்கல்லின் ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரியும். வெயில் ஏறிவிட்டால் அதே சுவர் தட்டையாகிவிடும்.

வெளிர் மணல் கேமராவை ஏமாற்றும். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் அது கணக்குப் போடும். மணல் அழுக்காக விழும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வரை ஏற்றுங்கள். போன் என்றால் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் போதும்.

உச்சி வெயிலில் ஆட்களை எடுப்பதென்றால் ஓலைக்கடையின் நிழல் விளிம்பில் நிற்கச் சொல்லுங்கள். மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்கடியில் இருட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்த வெளிச்சம் அது!

கரைவலை இழுக்கும் மீனவர்களை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு நேரம். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப் நம்பர் வாங்கி அன்றைக்கே படத்தை அனுப்பியும் விடுங்கள்.