துவாய் விரித்த இடம்

தென்மராட்சியிற் பிறந்தவர்களைக் கடலோடிகள் என்று எவரும் சொல்வதில்லை. வல்வெட்டித்துறையாருக்கும் பருத்தித்துறையாருக்கும் உரிய அப்பெயரிலே எங்களுக்குப் பங்கில்லை. சாவகச்சேரி என்றதும் மாவும் பலாவும் தென்னையும் சந்தையுமே நினைவுக்கு வரும். ஊருக்குத் தெற்கே கிடப்பதும் கடல்நீரேரியே அன்றி அலையெறியும் ஆழ்கடலன்று. ஆயினும் என் தலைமுறையைச் சேர்ந்த சாவகச்சேரியார் பலர், விரும்பியும் விரும்பாமலும், கப்பலும் படகும் ஏறியே இருக்கிறோம். நானும் நான்கு முறை ஏறினேன். அந்நான்கு பயணங்களையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, பிரயாணிகளுக்கென்று எழுதி ஒட்டப்படும் விதிகளைப் பற்றியும், எவரும் எழுதாமலே மனிதர் தமக்குள் காக்கவேண்டிய ஒழுங்கைப் பற்றியும் சில எண்ணங்கள் தோன்றுகின்றன. அவற்றைச் சொல்லப் புகும்போது, பல ஆண்டுகளாக எவரிடமும் கூறாத என் சிறுமை ஒன்றையும் கூறவேண்டியுள்ளது.

முதற் பயணம் 1975 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தந்தையாரோடு தல யாத்திரையாக இராமேசுவரம் சென்றேன். சாவகச்சேரி நிலையத்தில் இரயிலேறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னார்த் துறையில் இறங்கினோம். 1914 இலே தனுஷ்கோடிக்குத் தொடங்கிய அக்கப்பற் சேவை, 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்த பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடியது. 1984 இல் அது நின்றுபோயிற்று. நாங்கள் ஏறிய கப்பலின் பெயர் ‘இராமானுஜம்’. துறையிலே பெருங்கூட்டம். அக்கூட்டத்திற் பெரும்பாலோர் எங்களைப் போன்ற யாத்திரிகர் அல்லர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. தகரப் பெட்டிகளும் துணிமூட்டைகளுமாக நின்றார்கள். எங்களுக்கு அது பத்து நாட் பயணம். அவர்களுக்கோ திரும்பாப் பயணம்.

நான் முந்திச் சென்று நல்ல இடம் பிடிக்கத் துடித்தேன். தந்தையார் என் தோளைப் பற்றி நிறுத்தினார்.

“பொறு மோனை. முந்தி ஏறினவனும் பிந்தி ஏறினவனும் ஒரே நேரத்திலைதான் கரை சேருவினம்.”

கடைசியாகவே ஏறினோம். இராமேசுவரம் வரையும் நின்றுகொண்டே சென்றோம். அவருடைய பொறுமை அன்று எனக்குக் கையாலாகாத்தனமாகவே தோன்றியது.

இரண்டாம் பயணம் கப்பலிலன்று. 1990 இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பின்னர், குடாநாட்டிலிருந்து வெளியேறுவதற்குக் கிளாலிக் கடல்நீரேரியே வழியாயிற்று. 1993 ஜனவரி 2 ஆம் திகதி அந்நீர்ப்பரப்பிலே பிரயாணிகள் பலர் படகுகளில் வைத்துக் கொல்லப்பட்டனர். அதற்குச் சில மாதங்களின் பின் ஓரிரவு நானும் அவ்வழியே சென்றேன். இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னே ஏனைய படகுகளைக் கயிற்றால் தொடுத்து இழுத்துச் சென்றார்கள். படகோட்டி ஏறும்போதே விதிகளைச் சொல்லிவிட்டார். பீடி பற்றவைக்கலாகாது, ரோச் அடிக்கலாகாது, எழுந்து நிற்கலாகாது, குழந்தை அழுதால் தாய் உடனே பால் கொடுக்கவேண்டும். முப்பது பேர் இருந்த படகிலே அவ்விதிகளைப் பற்றி அபிப்பிராயம் கூறியவர் ஒருவருமில்லை. ஏன் என்று கேட்டவரும் இல்லை. விதிக்கான காரணம் இருளிலே எங்களைச் சுற்றி நின்றது.

மூன்றாம் பயணமே இக்கட்டுரைக்கு மூலம். 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி ஏ-9 பாதை மூடப்பட்டபின், குடாநாட்டார் கொழும்பு செல்வதற்கு விமானமும், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கப்பலுமே இருந்தன. படையினரின் அனுமதி பெற்று, பெயர்ப்பட்டியலிலே தம் பெயர் வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டும். என் மனைவிக்குக் கொழும்பிலே ஒரு சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தது. 2007 இன் தொடக்கத்திலே எங்கள் முறை வந்தது. பொதிகளெல்லாம் பலமுறை திறந்து சோதிக்கப்பட்டன. வெயிலில் நின்று களைத்துப் பிற்பகலிற் கப்பலேறினோம்.

உள்ளே இருக்கைகள் நிறைந்துவிட்டன. மேற்றளத்தின் ஓரத்தில், காற்றும் நீர்த்துவலையும் படாத ஒரு மூலையைக் கண்டேன். ஓடிச்சென்று இரண்டு துவாய்களை விரித்தேன். ஒன்றில் மனைவியைப் படுக்கவைத்தேன். அவளுக்கு அது வேண்டியிருந்தது, அதிலே குற்றமில்லை. மற்றத் துவாயோ எனக்காக விரித்தது. இரவிலே நானும் கால் நீட்டவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது. நான் துவாயில் உட்காராது, அதன் பக்கத்திற் பொதிமேல் அமர்ந்திருந்தேன்.

சிறிது நேரத்தில் எழுபது வயதைக் கடந்த ஓர் ஆச்சி, கையில் ஒரு பன்பையுடன் வந்தார். கொடிகாமம் பக்கத்தவர் என்பதைப் பேச்சிலே அறிந்தேன். தனியே பயணம் செய்தார்.

“தம்பி, இதிலை ஆரும் இருக்கினமோ?” என்று துவாயைக் காட்டிக் கேட்டார்.

“ஓம் ஆச்சி, ஆள் இருக்கு. இப்ப வருவார்” என்றேன்.

சொல்லுவதற்கு ஒரு கணமும் தயங்கவில்லை. ஆச்சி தலையசைத்துவிட்டு, படிக்கட்டின் அருகிலே இரும்புத் தூணொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னர் அங்கேயே குந்தினார். கப்பல் கரையை விட்டு ஆழ்கடலுக்கு விலகிச் சென்றது. இருட்டியபின் காற்று வலுத்தது. படிக்கட்டுப் பக்கம் நீர்த்துவலை அடிப்பதை நான் இருந்த இடத்திலிருந்தே காணமுடிந்தது. ஆச்சி சேலைத் தலைப்பாற் தலையை மூடிக்கொண்டார். எழுந்து சென்று அழைத்துவரலாம் என்று இரண்டு முறை எண்ணினேன். எண்ணியபோதெல்லாம், அழைத்தால் முன்னர் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே என்ற வெட்கம் என்னைத் தடுத்தது. ஒரு பொய்யைக் காக்கும் பொருட்டு ஒரு கிழவியை இரவு முழுதும் நனையவிட்டேன். நடுச்சாமத்திலே அத்துவாயில் நானே படுத்தேன். உறக்கம் வரவில்லை என்று எழுதினால் மனச்சாட்சி உள்ளவன் என்று வாசகர் நினைக்கக்கூடும். உண்மையில் நன்றாகவே உறங்கினேன்.

விடியற்காலையில் மனைவிக்கு ஓங்காளம் எடுத்தது. என்ன செய்வதென்று அறியாது நின்றபோது, ஆச்சி தூணைப் பிடித்துப் பிடித்து எங்களிடம் வந்தார். பன்பைக்குள் கைவிட்டு ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தாற் கீறி மனைவியின் மூக்கருகே பிடித்தார். மனைவி தெளிந்ததும் என்னை நோக்கி, மிகுந்த கவலையோடு கேட்டார்:

“அந்த ஆள் வரேல்லையோ தம்பி? கப்பலைத் தவறவிட்டிட்டாரோ தெரியாது, பாவம்.”

அவர் கேட்டது குத்தலாக அன்று. இல்லாத மனிதன் ஒருவனுக்காக அவர் இரவெல்லாம் இரங்கியிருந்தார். நான் ஏதோ முணுமுணுத்தேன். திருகோணமலையிற் கூட்டத்தோடு அவர் இறங்கிப் போனார். என் மனைவி பின்னாளில் அந்தத் தேசிக்காய் ஆச்சியைப் பற்றிப் பலரிடம் நன்றியோடு பேசுவாள். ஒவ்வொரு முறையும் நான் வாய்மூடி இருந்தேன். இன்று அவளும் இல்லை.

நான்காம் பயணத்துக்கு வருகிறேன். 2023 ஜூன் மாதத்திலே, சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு உல்லாசப் பிரயாணக் கப்பலொன்று வரத் தொடங்கியது. சென்னையிற் குடியேறிவிட்ட என் தங்கையின் குடும்பத்தார் அவ்வாண்டில் என்னையும் தம்மோடு அழைத்துச் சென்றனர். நீச்சற் குளமும் நாடக அரங்கும் பல உணவுச்சாலைகளும் கொண்ட கப்பல். பெயர்ப்பட்டியலுக்காகக் காத்துக்கிடந்த அதே கடலிலே விருந்தினனாகச் செல்வது எனக்கு விநோதமாக இருந்தது.

கப்பல் புறப்படுமுன் அபாய ஒத்திகை நடந்தது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு ஊதும். அப்போது அனைவரும் தமக்குரிய இடத்திற் கூடவேண்டும். பிரயாணிகள் பலர் முகஞ்சுளித்தனர். “பணம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பதா?” என்றார் ஒருவர். 1912 இலே ரைற்றானிக் மூழ்கியபின், 1914 இல் நாடுகள் கூடிக் கடலுயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையை ஆக்கின. 2012 ஜனவரி 13 ஆம் திகதி இத்தாலியக் கரையிலே கொஸ்ற்றா கொன்கோர்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை ஒத்திகை நடந்திருக்கவில்லை. புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தவேண்டும் என்ற விதி அதன் பின்னரே, 2015 முதல், நடைமுறைக்கு வந்தது. முகஞ்சுளித்தவரிடம் கிளாலிப் படகோட்டியைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரியும்வரை பாதுகாப்பு விதி எவருக்கும் தொல்லையாகவே தோன்றும்.

ஆனால் அக்கப்பலிலே உண்மையான வாதம் எழுந்தது வேறொன்றைப் பற்றி. நீச்சற் குளத்தைச் சூழச் சாய்கதிரைகள் போட்டிருந்தார்கள். விடிந்ததும் அவற்றிற் பெரும்பாலானவை துவாய்களால் மூடப்பட்டுவிட்டன. ஆளைக் காணோம். துவாய் மட்டும் வெயில் காய்ந்தது. உலகெங்கும் உல்லாசக் கப்பல்களில் இது பெரும் பிணக்கு என்றும், அரைமணி அல்லது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆளின்றிக் கிடக்கும் துவாயைப் பணியாளர் அகற்றலாம் எனச் சில கம்பனிகள் விதித்துள்ளன என்றும் மருமகன் கூறினான்.

அன்று பகல் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் இதைப் பற்றிப் பேசிய அபிப்பிராயங்கள் கேட்கத் தக்கவை. வணிகர் ஒருவர், கட்டணம் செலுத்தியவனுக்குக் கதிரை உரிமை என்றார். கட்டணம் செலுத்தாதவர் ஒருவரும் அக்கப்பலில் இல்லை என்பதை அவர் எண்ணவில்லை. ஓய்வுபெற்ற வங்கி அலுவலரான ஓர் அம்மையார், முதியவர்கள் உண்டு வருவதற்கே அரைமணி போதாது. எனவே விதி இரக்கமற்றது என்றார். அதிலே நியாயம் இருந்தது. ஓர் இளைஞன், விதியை எழுதிவிட்டு விருந்தினரைப் பகைக்க அஞ்சிப் பணியாளர் வாளாவிருந்தால், விதிக்கு அடங்கியவன் நிற்க அடங்காதவன் படுத்திருப்பான் என்றான். அவன் சொன்னதே எனக்கு மிகவும் சரியெனப்பட்டது. காக்கப்படாத விதி நல்லவனுக்கு மட்டுமே விதியாகிறது.

நான் எதுவும் பேசவில்லை. பேசும் தகுதி எனக்கு இருக்கவில்லை. ஆயினும் அன்று ஒன்றை உணர்ந்தேன். 2007 இலே நான் செய்ததற்குப் போரையும் இடநெருக்கடியையும் காரணமாகச் சொல்லி என் மனத்தைத் தேற்றி வந்திருந்தேன். இக்கப்பலிலோ உணவுக்கும் குறைவில்லை, இடத்துக்கும் குறைவில்லை. அறைகளிலே மெத்தைக் கட்டில்கள். இருந்தும் துவாய்கள் விரிந்தன. ஆகவே இடம் பிடிக்கும் கை பஞ்சத்தினால் மட்டும் நீள்வதன்று. இன்னும் ஒன்று: அன்று நான் ஆச்சியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமமும் இல்லை. ‘ஆள் இருக்கு’ என்ற பொய்யைத் துவாயே சொல்லிவிடுகிறது. விரித்தவர் எங்கோ உண்டுகொண்டிருக்கலாம்; நிற்பவரின் முகத்தைக் காணவேண்டியதில்லை. கப்பலொழுக்கம் என்று விரித்துப் பேசப்படுவன எல்லாம் இந்த ஒன்றிலே அடங்கும் என எண்ணுகிறேன். மற்றவர் முகத்தைப் பார்த்துச் செய்யக் கூசுவதை, அவர் காணாதபோதும் செய்யாதிருத்தல். விதிகள் இக்கூச்சத்துக்கு ஊன்றுகோலாகலாம். அதனைப் பிறப்பிக்க அவற்றால் இயலாது.

2024 ஓகஸ்ட் மாதத்திலிருந்து நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. இதை வாசிக்கும் மாணவர் சிலர் அதில் ஏறவும் கூடும். பொதியின் நிறை, புறப்படும் நேரம் என்பன பற்றி அவர்களுக்கும் அபிப்பிராயங்கள் இருக்கும். கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்பது பிரயாணியின் உரிமை. உரிமையைக் கேட்கும் அதே குரலால் பக்கத்தில் நிற்பவரை ‘இருங்கள்’ என்று சொல்லவும் பழகிக்கொள்ளவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

திருகோணமலையை விட்டு வடக்கே திரும்பிய மறுநாட் காலை, மேற்றளத்துக்கு ஏறினேன். தங்கையின் பேரன் ஓடிவந்து, “தாத்தா, உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்!” என்று ஒரு கதிரையைக் காட்டினான். அதன்மேல் நீலத் துவாயொன்று நேர்த்தியாக விரிக்கப்பட்டிருந்தது. பிள்ளையின் அன்பைப் பழிக்க மனமில்லை. அவன் தலையைத் தடவி அனுப்பிவிட்டு, துவாயை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். தூரத்திலே காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியத் தொடங்கிற்று.

பின்னால் யாரோ வந்து நின்றார்.

“இங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“ஒருவருமில்லை, இருங்கோ” என்றேன்.