காற்றுக்குக் காத்திருத்தல்

பயணத்துக்கு நாட்பார்ப்பது யாழ்ப்பாணத்தார்க்குப் புதிய வழக்கமன்று. சூலம் பார்ப்பர், இராகுகாலம் பார்ப்பர், பூனை குறுக்கே சென்றால் வாசலில் நின்று ஒரு மிடறு தண்ணீர் அருந்திவிட்டு மீண்டும் புறப்படுவர். ஆயின், வானத்தைப் பார்த்து நாட்குறிக்கும் கலை கடலோடிகளுக்கே உரியதாக இருந்தது. வல்வெட்டித்துறையார் பாய்க்கப்பல்களில் நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் வாணிகஞ் செய்த காலத்தில், சரக்கேற்றி முடிந்த பின்னரும் காற்றுச் சரிவரும்வரை துறையிற் கிடப்பதை எவரும் கோழைமை எனக் கொள்ளவில்லை. அத்துறையிற் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலும் அம்மரபிற் பிறந்ததே. காத்திருத்தல் அவர்களுக்குப் பயணத்தின் தடையன்று, பயணத்தின் முதற்பகுதி. பின்னர் இயந்திர ஊர்திகள் வந்தன. சீட்டில் அச்சிடப்பட்ட திகதியே காற்றாகவும் கோளாகவும் ஆயிற்று.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வடமராட்சியில் நெல்லியடிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில், இப்பழைய கலையும் அச்சிட்ட திகதியும் எதிரெதிரே நின்றன. அவ்வீட்டுக்காரர் எழுபத்திரண்டு வயதான ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் சமவமுக்கக் கோடுகளை வரைந்து காட்டியவர். அவருடைய மனைவிக்கு ஒரு நேர்த்தி இருந்தது. மகன் சிறுவனாகக் கடுங்காய்ச்சலிற் கிடந்தபோது, பிள்ளை எழுந்து நடந்தால் சிதம்பரத்துக்கு வந்து வழிபடுவதாக அவர் நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்தான், வளர்ந்தான், கடல்கடந்தும் சென்றுவிட்டான். நேர்த்தி மட்டும் நின்றது. போரும் பாதையடைப்பும் பொருள்முட்டும் அதனை ஆண்டுதோறும் தள்ளிவைத்தன. இப்பொழுது முழங்கால் மறுக்கத் தொடங்கிவிட்டது.

ஊரில் தலயாத்திரை ஒழுங்கு செய்யும் இளைஞன் ஒருவன் ஆசிரியரின் பழைய மாணவன். சீட்டு, வீசா, தங்குமிடம், உணவு, பேருந்து யாவும் ஒரே கட்டணத்துள் அடங்கும் யாத்திரை அவனுடையது. பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தனர். நவம்பர் 30, சனிக்கிழமை பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், மறுநாள் திருவண்ணாமலை, டிசெம்பர் 2, கார்த்திகைச் சோமவாரத்தன்று சிதம்பரம். 2019இல் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர், கொழும்புக்குப் போகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்திற் சென்னைக்குப் போகலாம் என்பது குடாநாட்டின் புதிய பெருமை. ஆசிரியர் வைப்புப் பணத்தின் ஒரு பகுதியை எடுத்து இருவருக்குங் கட்டினார். மனைவி எள்ளுருண்டையும் பனங்கட்டியும் கட்டிவைத்தார். பயணப்பெட்டி ஒரு வாரத்துக்கு முன்னரே கூடத்தில் வந்து நின்றது.

நவம்பர் 25ஆந் திகதி வங்காள விரிகுடாவின் தெற்கில் தாழமுக்கம் ஒன்று உருவாயிற்று. மறுநாள் அது ஆழ்ந்த தாழமுக்கமாயிற்று. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி அது மிக மெதுவாக வடக்கே நகர்ந்தது. மெதுவாக நகர்ந்ததே பெருங்கேடு. ஓடுகிற முகில் நனைத்துவிட்டுப் போகும். நிற்கிற முகில் நிரப்பிவிட்டே போகும். வயல்கள் குளமாயின, ஒழுங்கைகள் வாய்க்காலாயின. நாடெங்கும் தொடங்கியிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை 27ஆந் திகதியிலிருந்து இடைநிறுத்தப்பட்டது. தாழ்ந்த நிலத்துக் குடும்பங்கள் அயலிலுள்ள பாடசாலையில் வந்து தங்கின. ஆசிரியரின் முற்றத்திலும் கணுக்காலளவு நீர். கிணற்று நீர் கட்டின் விளிம்புக்கு ஏறியிருந்தது.

அவ்வாரத்தில் ஊரவரின் பேச்செல்லாம் ஒரே வினாவாகச் சுருங்கியது: புயல் வருமா, வராதா? கைத்தொலைபேசியில் யாத்திரைக் குழுவினர் நிமிடத்துக்கொரு செய்தி அனுப்பினர். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல், இந்திய வானிலைத்துறையின் அறிவித்தல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜாவின் குறிப்புகள், பெயரறியாதோர் அனுப்பிய சுழல்காற்றுப் படங்கள் யாவும் ஒருங்கே வந்து குவிந்தன. முதலிற் புயலாகும் என்றனர். 28ஆந் திகதி, புயலாகாமலே கரையைக் கடக்கக்கூடும் என்றனர். அன்று மழையும் சற்று ஓய்ந்தது. யாத்திரை ஒழுங்கு செய்த இளைஞன் மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"சேர், புயல் இல்லையாம். நீங்கள் வாறன் எண்டு சொன்னால் மிச்ச ஆக்களும் துணிஞ்சு வருவினம்."

அவன் வஞ்சகனல்லன். விடுதிகளுக்கு முற்பணம் கட்டியிருந்தான். ஒருவர் பின்வாங்கினால் எல்லோரும் பின்வாங்குவர் என்ற அச்சம் அவன் கண்களில் இருந்தது. ஆசிரியர் அவனை இருத்தித் தேநீர் கொடுத்தார். பின்னர், வகுப்பறையில் விளக்குவதுபோல் விளக்கினார். சுழற்காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டினால் அது புயலெனப்படும், பெயரும் பெறும். அதற்கு ஒரு படி கீழே நின்றால் ஆழ்ந்த தாழமுக்கம். அந்த எல்லைக்கோடு காற்றுக்கே உரியது. மழைக்கு அந்தக் கோடு தெரியாது. வெதுவெதுப்பான கடல் சுழலை வளர்க்கும். மேல்வானிற் காற்றுக்கள் வெவ்வேறு வேகத்தில் வீசினால் அது சிதையும். உலர்ந்த காற்று உட்புகுந்தாலும் தளரும். இவை மணிக்கு மணி மாறுவதால் அறிவித்தலும் மாறுகிறது. மாறும் அறிவித்தலைப் பொய்யென்று இகழ்வது, நோயாளியின் காய்ச்சல் ஏறி இறங்குவதற்கு வெப்பமானியைக் குற்றஞ்சாட்டுவது போன்றது.

அடுத்துப் பணத்தின் கணக்கு வந்தது. பயணி தானாக விலகினால் கட்டணத்தின் பெரும்பகுதி போகும். விமானம் இரத்தானால் சீட்டுப்பணம் திரும்பும், விடுதிகளும் வேறு திகதி தரும். பயணக் காப்புறுதியும் இந்நிலையிற் கைகொடாது. இடர் ஊரறிந்த செய்தியான பின்னர் வாங்கும் காப்புறுதி அவ்விடருக்குப் பொருந்தாது என்பது பொதுவிதி. வீடு பற்றிக்கொண்ட பின்னர் தீக்காப்புறுதி எவர் தருவார்? ஆகவே, சனிக்கிழமைவரை வாய்திறவாதிருந்து விமானக்காரரே இரத்துச் செய்யட்டும் எனக் காத்திருப்பதே இலாபம். குழுவிற் சிலர் அதனையே உரத்துச் சொன்னார்கள். அது தவறான கணக்குமன்று.

ஆசிரியரை அக்கணக்கு நிறைவுசெய்யவில்லை. விமானம் பறக்குமா என்பது விமானியின் வினா. அது ஓடுபாதையின் மேலுள்ள வானத்தைப் பற்றியது. அதற்கு விடைசொல்ல அறிஞர் பலர் இருக்கிறார்கள். சென்னையில் இறங்கிய பின்னர், அடுத்த இரண்டு நாள்களும் பேருந்து செல்லும் பாதையில் நீர் நிற்குமா என்பதே பயணியின் வினா. அந்தப் பாதையை எவரும் இரத்துச் செய்து அறிவிக்கமாட்டார்கள். தாழமுக்கம் செல்லும் திசையும் யாத்திரை செல்லும் திசையும் தேசப்படத்தில் ஒரே இடத்திற் சந்தித்தன. விமானம் பறந்துவிட்டால், அப்பொழுது மறுக்க எவருக்கும் மனம் வராது. பெட்டி கட்டி, விடைபெற்று, வாசல் தாண்டியவனுக்குத் திரும்பி வருவது, புறப்படாமல் இருப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

இவ்வளவுக்கும் அடியில் வேறொரு நினைவும் இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். அவருடைய அப்பாச்சி 21ஆந் திகதி கொடிகாமத்திற் புகைவண்டி ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடி வழியாக இராமேசுவரத்துக்கும் சிதம்பரத்துக்கும் போக ஆயத்தமாயிருந்தார். 1914ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்தார் பலர் சென்ற வழி அது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர், பேரனுக்குக் கொப்புளிப்பான் கண்டது. அம்மாள் வந்த வீட்டிலிருந்து எவரும் பயணம் போகலாகாது. அப்பாச்சி முணுமுணுத்தபடி சீலையை மீண்டும் பெட்டகத்தில் வைத்தார். 22ஆந் திகதி புயல் வட இலங்கையை ஊடறுத்தது. அன்றிரவு தனுஷ்கோடியிற் கடல் இருபதடிக்கு மேல் எழுந்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்டோருடன் நீருள் மறைந்தது. அவர்களில் எவரும் மீளவில்லை. ஊர் அழிந்தது, பின்னர் அது மக்கள் வாழத் தகாத இடமென அறிவிக்கப்பட்டது.

அக்காலத்தில் இப்புயல்களுக்குப் பெயருமில்லை. பெயரிடும் வழக்கம் இக்கடற்பகுதியில் 2004இலேயே தொடங்கியது. இந்தியாவின் முதலாவது புயல் ராடரும் 1970இலேயே விசாகப்பட்டினத்தில் நிறுவப்பட்டது. அப்பாச்சியைக் காத்தது அறிவன்று, தற்செயல். அறுபது ஆண்டுகளின் பின்னர் அவருடைய பேரனுக்குக் கொப்புளிப்பான் தேவையில்லை. கடலின் மேலுள்ள சுழலைக் கையளவுத் திரையிற் காண்கிறார். கண்டவருக்குத் தீர்மானிக்கும் பொறுப்பும் வந்துவிடுகிறது. தற்செயலாகத் தப்பியவர் எவர்க்கும் விடைசொல்ல வேண்டியதில்லை; அறிந்து நின்றவர் சொல்லியே ஆகவேண்டும்.

அன்றிரவு அவர் விடைசொல்ல வேண்டியிருந்தது மனைவிக்கு. கூடத்திற் பெட்டி அப்படியே நின்றது. அவர் முடிவைச் சொன்னபோது, மனைவி அழவுமில்லை, ஏசவுமில்லை. நெடுநேரங் கழித்து ஒன்றே சொன்னார்.

"இஞ்சாருங்கோ, உங்கடை அப்பாச்சியும் அப்பிடித்தானே நிண்டவ. பிறகு அவ போகவே இல்லை."

அது உண்மை. தனுஷ்கோடி அழிந்த பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கே நேராகச் சென்றது. 1980களிற் போர் அதனையும் நிறுத்தியது. இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழி திறந்தே இருந்தது. எனினும், அப்பாச்சி போகவில்லை. "கடல் கூப்பிட்டுத் தப்பினனீங்கள், இனி வேண்டாம்" என்று வீட்டார் சொல்லிச் சொல்லியே அவரை இருத்திவிட்டனர். அவர் இறந்தபோது பெட்டகத்தில் அந்தச் சீலை மடிப்புக் கலையாமல் இருந்தது. புயல் அவரிடமிருந்து ஒரு பயணத்தை மட்டுமே பறித்தது; எஞ்சியவற்றைப் பறித்தது வீட்டாரின் அன்பு.

ஆசிரியர் எழுந்து சுவரிலிருந்த பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தார். அடுத்த ஆண்டுக்கு உரியது இன்னும் வரவில்லை. கைத்தொலைபேசியிற் தேடினார். தில்லைக் கூத்தன் ஆண்டுக்கு இருமுறை தேரேறுகிறான்: மார்கழித் திருவாதிரைக்கு ஒன்று, ஆனி உத்தரத்துக்கு ஒன்று. மார்கழி புயற்காலத்தின் வால். ஆனியிலோ சோளகம் வீசும். அப்பருவத்துத் தாழமுக்கங்கள் பெரும்பாலும் விரிகுடாவின் வடக்கே, வங்கத்தையும் ஒரிசாவையும் நோக்கியே எழும். 2025 ஜூலை 2 ஆனி உத்தரம். அத்திகதியை ஒரு தாளில் எழுதிப் பயணப்பெட்டியின் மூடியில் ஒட்டினார். பின்னர், இளைஞனை அழைத்துத் தாம் விலகுவதையும், விலகுவதன் காரணத்தையும், தாம் மீண்டும் வரும் நாளையும் சேர்த்தே குழுவுக்குத் தெரிவிக்கச் சொன்னார். எட்டுப்பேர் அவருடன் நின்றனர். எஞ்சிய நால்வர் சனிக்கிழமைவரை பொறுப்பதெனத் தீர்மானித்தனர்.

29ஆந் திகதி காலை வானம் சற்று வெளுத்தது. "மாஸ்டர் அவசரப்பட்டிட்டார்" என்று சந்தையில் ஒருவர் சொன்னதும் அவர் காதுக்கு எட்டியது. அவர் மறுக்கவில்லை. அன்று பிற்பகல் தாழமுக்கம் புயலாயிற்று. சவூதி அரேபியா முன்னர் வழங்கிவைத்த ஃபெஞ்சல் என்னும் பெயரைப் பெற்றது. 30ஆந் திகதி நண்பகலளவில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள் அதிகாலைவரை திறக்கப்படவில்லை. இரவு புதுச்சேரிக்கு அருகிற் கரைகடந்த புயல் அங்கேயே நின்று, ஒரே நாளில் நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. டிசெம்பர் 1ஆந் திகதி திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். மறுநாள் விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளிற் பெண்ணையாறு கரைபுரண்டது. பாதைகள் நீரில் மூழ்கின.

பலாலியிலிருந்து செல்லவிருந்த விமானமும் அன்று புறப்படவில்லை. ஆகவே, பொறுத்திருந்த நால்வருக்கும் பணம் திரும்பியது. முன்னரே விலகிய ஆசிரியருக்கும் அவரோடு நின்றோர்க்கும் பெரும்பகுதி போயிற்று. இக்கணக்கை அவரிடம் எடுத்துக்காட்டியவர் பலர். அவர்களும் பொய் சொல்லவில்லை. ஆயின், விமானம் பறந்திருந்தால் என்ன என்ற வினாவையே அவர் விலைகொடுத்து வாங்கினார் எனலாம். புயல் வராமற் போயிருந்தாலும் அத்தீர்மானம் அதே தீர்மானமே. அவ்விரவில் அறியக் கிடைத்தவற்றைக் கொண்டே அதனை அளக்கவேண்டும். விளைவைக் கண்டபின் புகழ்வதும் இகழ்வதும் எளிது.

சனிக்கிழமையன்று அவருடைய மனைவி யாத்திரைக்குக் கட்டிய எள்ளுருண்டையையும் பனங்கட்டியையும் எடுத்துக்கொண்டு பாடசாலைக்குச் சென்றார். அங்கு தங்கியிருந்த பிள்ளைகளுக்கு அவற்றைப் பகிர்ந்தார். புதிய போர்வைகள் இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. பெட்டி மட்டும் கூடத்தை விட்டு அகலவில்லை. மூடியில் ஒட்டிய தாளோடு அது ஏழு மாதம் அங்கேயே இருந்தது. வருவோரெல்லாம் அதில் இடறினர். "உள்ளே எடுத்து வையுங்கோவன்" என்றனர். அம்மையார் இணங்கவில்லை.

2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சோளகம் பனையோலைகளைச் சலசலக்கச் செய்த ஒரு காலையில், அப்பெட்டி வாசல் தாண்டியது. முழங்கால் இன்னும் இடங்கொடுத்தது. காற்றைப் பார்த்துப் பயணத்தை நிறுத்துவோர் அறிவுடையோர்தாம். எனினும், நிறுத்திய கையே மறுநாளையுங் குறித்துக் கொடுக்கவேண்டும். துறையிற் கிடந்த பழைய பாய்க்கப்பல்கள் நங்கூரத்தோடு பாயையும் ஆயத்தமாகவே வைத்திருந்தன.