ஒன்பது ஏ எடுத்தால் பைக் ஓடத் தெரியுமா?

"ஓ/எல்லில ஒன்பது ஏ எடு, பைக் வாங்கித் தாறன்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த பெடியன்கள் எங்கட வட்டத்தில் குறைவு. பெட்டையளுக்கு அதே வசனம் ஸ்கூட்டி என்று மாறும், அதுவும் ஏ/எல் முடிந்த பிறகுதான். எங்கட நாட்டுச் சட்டம் 18 வயதைக் கேட்குது, மருத்துவச் சான்றிதழைக் கேட்குது, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் வைக்குது. பாடசாலைப் பெறுபேற்றை அது கேட்பதில்லை. ஆனால் வீட்டுச் சட்டம் அதை மட்டும்தான் கேட்குது.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இந்த வீட்டுச் சட்டத்தை நாட்டுச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. 1988 இல் மேற்கு வேர்ஜீனியா தொடங்கி வைத்தது: 18 வயதுக்கு முதல் பாடசாலையை விட்டு விலகினால் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. பிறகு வேறு மாநிலங்களும் சேர்ந்தன. டெனசியில் பாடசாலைக்கு வந்துபோனால் மட்டும் போதாது, தவணை முடிவில் குறைந்தது 3 முழுப் பாடங்களிலாவது சித்தியடைய வேண்டும். கென்டக்கியில் அது 4 பாடங்கள்.

இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினதும் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

சரி என்று சொன்னவர்களின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பஸ் குறைந்த ஊர்களில் 16 வயதுப் பிள்ளைக்கு லைசன்ஸ் என்பது பெரிய ஆசை. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பாடசாலையில் இருத்த முடியுமென்றால் அதில் என்ன பிழை? இன்னொரு கேள்வி இன்னும் கூர்மையானது. அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகள் சராசரியாக பி அல்லது அதற்கு மேல் எடுக்கிற மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. லாபம் இல்லாமல் கம்பனிக்காரன் காசைக் குறைப்பானா? அப்போ நல்லாப் படிக்கிறவர் கவனமாக ஓடுகிறார் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்ததில் விளங்கினது இதுதான். கம்பனி ஆயிரக்கணக்கான பேரின் சராசரியை வைத்து விலை போடுது. சராசரி சரியாக இருந்தால் அதற்குக் காணும். ஆனால் லைசன்ஸ் குடுக்கிறது ஒரு ஆளுக்கு. அந்த ஆளை வண்டியில் ஏற்றி, சந்தியில் திருப்பச் சொல்லி, பிரேக் பிடிக்கச் சொல்லிப் பார்க்க வழி இருக்கேக்க, அவருடைய வரலாற்றுப் பாடத்துப் புள்ளியை ஏன் பார்க்க வேண்டும்? இன்னொன்று, கம்பனி புள்ளி குறைந்தவரிடம் கூடக் காசு கேட்குது, அவ்வளவுதான். ஓடவே கூடாது என்று சொல்லவில்லை.

எங்களோடு படித்த ஒருவன் இருக்கிறான். வன்னிப் பக்கம். கணிதத்தில் இரண்டு தரமும் டபிள்யூ. ஓ/எல்லோடு பாடசாலையை விட்டுவிட்டு வயல் வேலைக்குப் போனவன். மாடு குறுக்கே வரப்போகுது என்பதை மாட்டுக்கு முதல் அவன் கண்டுபிடித்துவிடுவான். லோட் ஏற்றினால் வேகத்தைக் குறைப்பான், இருட்டினால் இன்னும் குறைப்பான். 18 முடிந்ததும் லைசன்ஸ் எடுத்தான். இப்போது மரக்கறி லொறி ஓடித்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகினம். டெனசிச் சட்டம் போன்ற ஒன்று இங்கே இருந்து, 18 வயதுக்குப் பிறகும் அது துரத்திக்கொண்டு வந்திருந்தால், பரீட்சை அவனிடம் இருந்து ஒரு தரம் பறித்ததை வீதி இரண்டாம் தரமும் பறித்திருக்கும். அதே ஊரில் ஒன்பது ஏ எடுத்த ஒரு தம்பிக்குப் பெறுபேறு வந்த கிழமையே பைக் வந்தது. லைசன்ஸ் வரவில்லை, வயதும் வரவில்லை. முதல் மழைக்கே வளைவில் சறுக்கித் தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். இரண்டு பேரை வைத்து ஒரு விதியை நிறுவ முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் புள்ளியை மட்டும் பார்த்தால் வீதிக்கு எவ்வளவு பிழையான ஆளைத் தெரிவு செய்யலாம் என்பதற்கு இந்த இரண்டு பேரும் காணும்.

புள்ளி என்பது பிள்ளையின் முயற்சியை மட்டும் காட்டுவதும் இல்லை. இதை நாங்கள் சொல்லத் தேவையில்லை, எங்கட பல்கலைக்கழக அனுமதி முறையே சொல்லுது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவுப் பிள்ளையின் இசட் புள்ளியையும் கொழும்புப் பிள்ளையின் இசட் புள்ளியையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட நாடு இது. விஞ்ஞான ரீச்சர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையிடம் போய், புள்ளி காணாது, மோட்டார் சைக்கிளும் ஓடாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

சொன்னாலும் கேட்கப் போவதில்லை என்பது அடுத்த சிக்கல். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம் வரும் ஊரில், வேலைக்குப் போக வேண்டியவன் லைசன்ஸ் இல்லாமலேயே ஓடுவான். பொலிசைக் கண்டால் ஒழுங்கைக்குள் திருப்புவான். விபத்து நடந்தால் காப்புறுதி கை விரிக்கும். அடிபட்டவருக்கும் நட்டம், இடித்தவருக்கும் நட்டம்.

இளம் சாரதிகள் ஆபத்தானவர்கள் என்ற கவலை பொய்யில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு நேரான மருந்து வேறு இருக்கு. நியூசிலாந்து 1987 இல் படிப்படியாக அனுமதி குடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. முதலில் பழகுநர், பிறகு கட்டுப்பாடுள்ள அனுமதி, கடைசியில் முழு அனுமதி. இரண்டாம் படியில் இருக்கிறவர் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை தனிய ஓட முடியாது. அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இல்லாமல் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு திரியவும் முடியாது. இரவும், கூட்டாளிகள் நிறைந்த வண்டியும்தான் இளம் சாரதிக்குக் கூட ஆபத்து என்பதால் அந்த இரண்டிலும் கை வைத்தார்கள். விபத்துகளும் குறைந்தன. பிறகு அமெரிக்க மாநிலங்களும் இந்த வழிக்கு வந்தன, 1996 இல் புளோரிடா முதலில். இந்த முறையில் யாரும் பெறுபேற்றுத் தாளைக் கேட்கவில்லை.

பாடசாலையை விட்டு விலகும் பிள்ளையைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் அவன் ஏன் விலகினான் என்று கேட்கட்டும். வீட்டில் காசு இல்லையா, ரீச்சர் இல்லையா, அடி விழுந்ததா? அதற்குப் பதில் பாடசாலைக்குள் தேட வேண்டியது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வரிசையில் அல்ல. அந்த வரிசையில் நிற்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கண் தெரியுதா, வீதிக் குறியீடு விளங்குதா, நடந்து போறவருக்கு வழி விடுறாரா? இதையெல்லாம் ஒழுங்காகச் சோதித்தால் எங்களுக்குக் காணும்.