ஐந்தாவது குருவி



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, நம் சபைச் சகோதரர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். "ஐயா, நண்பர் வீட்டில் லாப்ரடார் குட்டி போட்டிருக்கிறது. ஒன்றைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். பையன் ரொம்ப ஆசைப்படுகிறான். வாங்கலாமா?" என்று கேட்டார். பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளி, வேலை, வரன் என்று எத்தனையோ காரியங்களுக்காக என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறீர்கள். அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் என் வாயில் இருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வரவில்லை. "இந்த வாரம் எழுதுகிறேன் தம்பி, வாசியுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சொல்ல நினைப்பதை உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். அதற்கு முன்பு என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சபையார் ஒருவர் பழக்கூடையில் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து குருமனைத் திண்ணையில் வைத்தார். அப்போது என் மகளுக்கு ஏழு வயது. அன்று இரவு அவள் உறங்கவே இல்லை. ஜிம்மி என்று பெயரிட்டாள். மறுநாள் சந்தையில் சிவப்புப் பட்டை ஒன்றும், அதில் கோக்கச் சிறு மணி ஒன்றும், எவர்சில்வர் கிண்ணம் ஒன்றும் வாங்கினோம். தடுப்பூசி போடவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. குட்டியைக் கொடுத்தவரே சொல்லியிருந்தார். ஆனால் ஊசி போடுகிற மருத்துவர் இருந்த ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் பேருந்தில் போகவேண்டும். மாதக் கடைசி. சம்பளம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சம்பளமும் வந்தது. கூட்டங்கள் இருந்தன. அடுத்த வாரம் என்றேன்.

மூன்றாம் வாரத்தில் குட்டி உண்ணாமல் படுத்துக்கொண்டது. வாந்தி, பிறகு இரத்தம் கலந்த கழிச்சல். தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வோ என்று மருத்துவர் சொன்னார். அது வைரஸ் நோய். அதை நேராகக் கொல்லும் மருந்து கிடையாது. நரம்பின் வழியே திரவம் ஏற்றி, உடம்பு தாக்குப்பிடிக்க உதவலாம், அவ்வளவுதான். மூன்று நாள் அலைந்தோம். ஊசிக்கு ஆகியிருக்கக்கூடிய பணத்தைப்போல ஐந்து மடங்கு செலவாயிற்று. நான்காம் நாள் விடியற்காலையில் ஜிம்மி இறந்துபோயிற்று.

மகள் அழுதாள். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "கர்த்தர் எடுத்துக்கொண்டார், அம்மா" என்றேன். அவள் சற்றுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த ஊசி எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த ஊசியின் விலை, நாங்கள் சந்தையில் வாங்கிய பட்டைக்கும் மணிக்கும் கொடுத்ததைவிடக் குறைவு.

பிரியமானவர்களே, அந்தக் குட்டி சாவதற்கு முந்தின மாதம்தான் ஆலயக் கட்டட நிதிக்காக லூக்கா 14ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்திருந்தேன். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் இருக்கிறதா என்று செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று ஆண்டவர் கேட்ட பகுதி அது. சபைக்குக் கணக்கைப் போதித்தேன். என் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய பாவம், என் அசட்டையால் நேர்ந்ததை ஆண்டவர் செய்ததாகச் சொன்னது. என் பிழையை அவருடைய சித்தத்தின்மேல் ஏற்றினேன். அதை என் மகளிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இலவசமாக வந்தது என்பதனாலேதான் அப்படி நடந்தது என்று இப்போது எண்ணுகிறேன். சுவிசேஷங்களில் குருவிகளின் விலை இரண்டு இடங்களில் வருகிறது. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள். கணக்குப்படி நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது, மொத்தமாக வாங்குகிறவனுக்குக் கடைக்காரன் சேர்த்துப் போடும் கொசுறு. அந்தக் காசும் பெரிய காசல்ல. ஒரு நாள் கூலியான தெனாரியத்தில் பதினாறில் ஒரு பங்கு. அந்த விலைகூடப் பெறாத ஐந்தாவது குருவியையும் சேர்த்துத்தான் ஆண்டவர் பேசினார். அவைகளில் ஒன்றும் தேவனால் மறக்கப்படவில்லை என்றார். நாமோ, விலை கொடுக்காமல் வந்ததற்கு மதிப்பும் இல்லை, செலவும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். சும்மா கிடைத்த குட்டிக்கும் வயிறு உண்டு, நோய் உண்டு, முதுமை உண்டு.

இன்று குருமனையில் இருக்கும் மணியை நீங்கள் அறிவீர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மழைக்கு ஆலயச் சுற்றுச்சுவரின் ஓரம் ஒண்டிக்கிடந்த நாட்டுக் குட்டி அது. அதைக் கண்டபோது என் மனைவி, "உள்ளே கொண்டுவருமுன் உட்கார்ந்து எழுதுவோம்" என்றாள். பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தாள். அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. அதிலுள்ள இவ்வாண்டுக் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன்.

மணி பதினைந்து கிலோ எடையுள்ளது. வீட்டுச் சாப்பாடுதான். மாதம் அரிசிக்கு ரூ.270, கோழிக் கழுத்து, கால் முதலியவற்றுக்கு ரூ.720, முட்டை, தயிர், காய்க்கு ரூ.360. உண்ணி ஏறாதிருக்க மருந்து ரூ.350. ஆக மாதம் ரூ.1,700, ஆண்டுக்கு ரூ.20,400. இவையன்றி ஆண்டுக்கொருமுறை போடும் கூட்டுத் தடுப்பூசிக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ரூ.950, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்துக்கு மொத்தம் ரூ.240, மருத்துவரைப் பார்க்க ரூ.800, சங்கிலி, சோப்பு போன்றவற்றுக்கு ரூ.700. மொத்தம் ரூ.23,090.

அதற்குக் கீழே என் மனைவி இன்னொரு வரி எழுதினாள்: "எதிர்பாராதது, மாதம் ரூ.500." அது ஒரு டப்பாவில் தனியே போடப்படுகிறது. தேவையில்லாத செலவு என்று நான் முதலில் சொன்னேன். மூன்றாம் ஆண்டில் மணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. இரத்தப் பரிசோதனை, ஊசி, நான்கு வாரம் மாத்திரை என்று ஒரே மாதத்தில் ரூ.4,200 ஆயிற்று. டப்பாவைத் திறந்தோம், பணம் இருந்தது. மணி பிழைத்தது. அந்த இரவு ஜிம்மியை நினைத்து நெடுநேரம் விழித்திருந்தேன்.

டப்பாவையும் சேர்த்தால் ஆண்டுக்கு ரூ.29,090. பன்னிரண்டு ஆண்டு உயிரோடிருந்தால், இன்றைய விலையிலேயே ஏறக்குறைய மூன்றரை இலட்சம். ஒரு சாதாரண நாட்டு நாய்க்கு ஆகும் கணக்கு இது.

குட்டியாக வரும் முதலாண்டில் செலவு இன்னும் கூடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால் ஒரே ஊசி போதாது. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்து முதலில் இரண்டு வாரத்துக்கொருமுறை, பிறகு மாதத்துக்கொருமுறை, ஆறு மாதத்துக்குப்பின் மூன்று மாதத்துக்கொருமுறை. பின்பு கருத்தடை அறுவை. பணம் குறைவு என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போக வெட்கப்படாதிருங்கள், நாங்கள் போகிறோம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதை ஒட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம்கள் நடக்கின்றன. வெறிநோய் தோன்றிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் மீட்சி இல்லாததுபோலத்தான். ஆகையால் எந்தச் செலவைக் குறைத்தாலும் இந்த ஊசியைத் தவிர்க்கவேண்டாம்.

லாப்ரடார் கேட்ட சகோதரரே, அது வளர்ந்தால் முப்பது கிலோ. மணியைப்போல இரண்டு மடங்கு. கடைத் தீவனமே கொடுப்பதானால் மாதம் மூவாயிரத்துக்குக் குறையாது. அந்த இனத்துக்கு உடல் பருமனும் இடுப்பு மூட்டு நோயும் எளிதில் வரும். தினமும் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகவேண்டும். ஆசைப்பட்ட பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனபின் அந்த நடை யாருடையது? பெரும்பாலும் தாயினுடையது. அவர்களையும் கேட்டீர்களா? விடுமுறைக்குச் சொந்த ஊர் போனால் யார் பார்ப்பார்கள்? வாடகை வீடானால் அடுத்த வீட்டுக்காரர் நாயை ஒப்புவாரா? எங்களைப் போன்றவர்களுக்கு இடமாறுதல் வரும்போது, வண்டியில் பீரோவை ஏற்றுவது எளிது, நாயை ஏற்றுவது கடினம். உங்கள் ஊராட்சி அல்லது மாநகராட்சி கேட்கும் உரிமத்தையும் கணக்கில் சேருங்கள்.

கிறிஸ்துமஸ் காலத்தில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாம் அன்பாக நீட்டும் கேக்கில் உலர்திராட்சை இருக்கும். திராட்சையும் சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. ஒரு துண்டு கேக் ஒரு நாள் மருத்துவச் செலவைக் கொண்டுவரும்.

இத்தனை ஏழைகள் பசியோடிருக்கையில் நாய்க்கு இவ்வளவா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாவீதிடம் நாத்தான் சொன்ன கதையை நினையுங்கள். ஏழை ஒருவனிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. அதை விலை கொடுத்து வாங்கி, தன் வாயின் அப்பத்தையும் தன் பாத்திரத்தின் தண்ணீரையும் கொடுத்து, தன் மகளைப்போல வளர்த்தான். அவன் அயலானின் பங்கை எடுத்துக் கொடுக்கவில்லை, தன் தட்டிலிருந்து கொடுத்தான். தேவனுக்குரிய காணிக்கையிலிருந்தும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்தும், கடன் வாங்கியும் நாய் வளர்க்கவேண்டாம். உங்கள் காப்பியிலும் பலகாரத்திலும் புதுத் துணியிலும் சிறிது குறைத்து வளர்க்க முடியுமானால், அந்த அப்பத்தில் குற்றமில்லை. நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் கவனிக்கிறவன் என்று நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் சொல்கிறது.

கணக்குப் பார்த்தபின், "எங்களால் இயலாது" என்ற முடிவுக்கு நீங்கள் வரலாம். அது அன்பில்லாமை அல்ல. கணக்குப் பாராமல் கொண்டுவந்து, பிறகு நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டு வருவதுதான் அன்பில்லாமை. பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 1960, பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. சட்டம் காணாவிட்டாலும் குருவியை மறவாதவர் காண்கிறார். வீட்டில் வளர்க்க இயலாதவர்கள் வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வைக்கலாம். தெருநாய் ஒன்றுக்கு ஊசி போட உதவலாம். அதுவும் கணக்கில் வரும்.

ஆகையால் சகோதரரே, என் பதில் இது. குட்டியை இன்று வாங்கவேண்டாம். ஒரு மாலை நீங்களும் உங்கள் மனைவியும் மகனும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். மகனையே எழுதச் சொல்லுங்கள். வந்த மாதத் தொகையை, நாய் ஏற்கெனவே வீட்டில் இருப்பதுபோல, மூன்று மாதம் ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்காமல் டப்பா நிறைந்தால், குட்டியைக் கொண்டுவாருங்கள். அந்தப் பணமே அதன் முதல் ஊசிகளுக்கு ஆகும். நான் வந்து ஜெபித்து, உங்கள் வீட்டில் காப்பியும் குடிப்பேன். நிறையாவிட்டால், பையனுக்கு வருத்தம் இருக்கும். ஆனால் அவன் தன் தகப்பனிடம் ஊசியின் விலையைக் கேட்கவேண்டிய நாள் வராது.

இதை எழுதுமுன் என் மகளைத் தொலைபேசியில் அழைத்து அனுமதி கேட்டேன். அவள் இப்போது வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறாள். சற்றுநேரம் பேசாமலிருந்து, "எழுதுங்கப்பா. ஊசி வெலையையும் எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்: அன்று நூற்றைம்பது ரூபாய்.

ஜெபம்: பரம பிதாவே, விலையில்லாமல் எங்கள் கையில் வந்த உயிர்களை நாங்கள் மலிவாக எண்ணியதை மன்னியும். எங்கள் அசட்டையை உமது சித்தமென்று சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். அன்புகூருமுன் உட்கார்ந்து எண்ணிப்பார்க்கிற மனதையும், எண்ணிப்பார்த்தபின் மனங்கசக்காமல் கொடுக்கிற கையையும் தாரும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.

உங்கள் போதகர்