துருவும் நானும்

தேர்வில் தோற்ற கதையை எழுதுவோர் பலர். நான் ஒரு தகரத்திடம் தோற்ற கதையை எழுதுகிறேன்.

கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீடு. வாசலில் அப்பாவின் அம்பாசடர் நிற்கிறது. அருகிலுள்ள உத்தர்பாராவில் பிறந்த வண்டி. 2014-இல் அவ்வினத்தின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகையால் அப்பாவுக்கு அதன்மேல் பாசம் சற்று அதிகம்.

சென்ற ஆண்டுக் கோடையில், அவர் ஊருக்குப் போயிருந்த சமயம், கேட்காமலே வண்டியை எடுத்தேன். வாசல் தூணில் இடித்து, முன் மட்கார்டில் உள்ளங்கை அகலம் ஒடுக்கு விழுந்தது. பக்கத்திலேயே பழைய துரு வேறு. பதறிப்போய் ஒரு டப்பா பட்டி வாங்கினேன். துருவின்மேலும் ஒடுக்கின்மேலும் அப்பி, தேய்த்து, வெள்ளை வண்ணம் அடித்துவிட்டேன். ஊரிலிருந்து திரும்பிய அப்பா கவனிக்கவில்லை. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. வண்ணத்தில் ஒரு கொப்புளம், மறுவாரம் மூன்று. ஒரு ஞாயிறன்று அப்பா அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். பட்டி அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது.

"யாருடா இதைப் பூசினது?"

"நான்தான் அப்பா." தூணின் கதையும் கூடவே வெளியே வந்தது.

அவர் வையவில்லை. "பழைய சட்டை போட்டுக்கொண்டு வா" என்றார்.

மழை ஓய்ந்த நாட்களில் இருவரும் உட்கார்ந்தோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தகரம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் சுரண்டினோம். பின்புறம் சுத்தியல், முன்புறம் இரும்புக் கட்டை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறு சிறு தட்டுகள். ஓங்கி அடித்தால் தகரம் நீண்டுவிடுமாம். குழிகளில் ஒட்டியிருந்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம். கழுவி, நன்கு உலர்த்தி, பிரைமர் அடித்து, அதன்பின்தான் பட்டி. அதுவும் மெல்லிய பூச்சாக. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் விரல்கள் மரத்துப்போயின.

"பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு வளரும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். மூடி வைத்தால் கிளப்பிக்கொண்டுதான் வரும்" என்றார் அப்பா. அவர் துருவைப் பற்றி மட்டுந்தான் பேசினார் என்று நம்ப எனக்கு ஆசை.

இவ்வாண்டு மழையும் போயிற்று. கொப்புளம் இல்லை. சாய்ந்து பார்த்தால் மட்டும் ஒடுக்கு இருந்த இடம் மெல்லிய அலையாகத் தெரியும். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை என்னிடம் நீட்டுகிறார்.